பதில் வேண்டாத கேள்விகள்

வெள்ளிக்கிழமை பகலில் மாத்தளை டவுனில் பாதிக் கடைகளின் ஷட்டர் அரைவாசிக்கு இறங்கிவிடும். ஜும்ஆ முடிந்து ஆட்கள் திரும்பும்வரை தெருவில் பஸ்களின் இரைச்சல் மட்டும்தான். றமீஸாவின் இன்டர்நெட் கடைக்கும் அந்த நேரத்தில் யாரும் வரமாட்டார்கள். றமீஸா வீட்டுக்குப் போய்த் தொழுது, சாப்பிட்டு, ஆறுதலாக நேரமெடுத்துத்தான் திரும்புவாள். அதுவரை கடை இலட்சுமியின் பொறுப்பு. வாரம் முழுக்க அவள் காத்திருப்பது அந்த ஒரு பொழுதுக்காகத்தான். அப்போதுதான் அவள் தம்பிக்குக் கடிதம் எழுதுவாள்.

தம்பி சுந்தரலிங்கம் துபாயில் இருக்கிறான் என்பது ஊருக்குச் சொன்ன கதை. றமீஸாவுக்குச் சொன்னதும் அதே கதைதான். உண்மையில் அவன் துபாய்க்குப் போகவேயில்லை. கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்துகொண்டு லொட்ஜில் தங்கியிருந்தவனை, ஒரு சுற்றிவளைப்பில் அறையிலிருந்த மற்றவர்களோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரித்தார்கள், விட்டார்கள். ஆனால் கிழமைக்கு ஒருமுறை பொலிஸ் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்படிக் கையெழுத்துப் போடப் போன அறை நண்பன் ஒருநாள் திரும்பி வரவில்லை. போய்க் கேட்டால், அப்படி ஒருவர் அன்று வரவேயில்லை என்றார்களாம். அதற்குப் பிறகு சுந்தரலிங்கம் அந்தப் பக்கம் போகவில்லை. போகாதவனைத் தேடுவார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

இப்போது அவன் சீகிரியாவில், அந்தப் பெரிய கல்லில் ஏற வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு சின்ன விடுதியின் குசினியில், சிங்களப் பெயர் ஒன்றோடு இருந்தான். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேச்சை வைத்து யாரும் அவனைப் பிரித்துவிட முடியாது. வெளிநாடு அனுப்ப ஓர் ஏஜென்சிக்காரர் சம்மதித்திருந்தார். விசா வரும்வரை தலை தெரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விடுதிக்காரரின் கணினியில் இரவல் நேரம் எடுத்து அவன் அக்காவுக்கு எழுதுவான். போன் பேசக் கூடாது, ஊர்ப் பெயர் எழுதக் கூடாது, யாருடைய பெயரும் எழுதக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் இருக்கும் அம்மா வேலம்மாவைத் தவிர இது வேறு யாருக்கும் தெரியாது.

றமீஸாவிடம் மறைத்தது இலட்சுமிக்கு உறுத்தாமல் இல்லை. கண்டியில் கம்பியூட்டர் கோர்ஸ் படித்த காலத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள். வயதில் மூத்தவள் என்பதால் அவளை ராத்தா என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே சொந்தமாகிப் போனது. கட்டாரில் இருக்கும் கணவர் ஜைனுதீன் அனுப்பிய பணத்தில் கடை திறக்கும்போது, "நீ வாரண்டா நான் தொறக்கிறன், இல்லாட்டி இந்தப் பொட்டியெல்லாம் வாங்கி என்னத்துக்கு, கோழி அடைக்கவா?" என்றவள் றமீஸா. அப்படிப்பட்டவளிடம் ஏன் சொல்லவில்லை? அவள் வாய் ஓட்டை என்று இலட்சுமி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தெரியாமலிருப்பதே அவளுக்கும் பாதுகாப்பு என்றும் சொல்லிக்கொண்டாள். இரண்டில் எது உண்மை என்று தோண்டிப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

அந்தக் கிழமை நெட் ஊர்ந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம் என்று பொடியன்கள் கேலி செய்தார்கள். புதன்கிழமை இலட்சுமி மூலையில் இருந்த பழைய பெட்டியைத் திறந்து பார்த்தாள். கடையின் எல்லாக் கணினிகளும் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதை அப்படி அமைத்தவளும் அவள்தான்.

மனிதர்களுக்குப் பெயர் வேண்டும், இயந்திரங்களுக்கு எண் வேண்டும். யாராவது ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், கணினி முதலில் இந்தப் பெயரின் எண் என்ன என்று கேட்கும். எண் கிடைத்த பிறகுதான் அங்கே போகும். கடையிலிருந்து கேட்கப்படும் அந்தக் கேள்விகள் எல்லாம் வரிசையாக மூலைப் பெட்டியில் பதிந்துகொண்டிருக்கும். யார் என்ன எழுதினார்கள் என்று அதில் தெரியாது. எந்தப் பெயரைக் கேட்டார்கள் என்று மட்டும் தெரியும். அதைப் பார்ப்பதில் இலட்சுமிக்கு ஓர் இரகசியப் பிரியம் உண்டு. பரீட்சை முடிவு வரும் நாளில் எல்லா மெஷினும் ஒரே பெயரைக் கேட்கும். மழை நாளில் சினிமாப் பாட்டு. மாலையில் வெளிநாட்டு வேலை. மனிதர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் என்று அவளுக்கு அதில்தான் புரிந்தது.

அன்று அவள் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. காலையிலிருந்து ஒரே ஒரு மெஷின், யாரும் கேட்காத பெயர்களைக் கேட்டு வந்திருந்தது. எல்லாப் பெயருக்கும் வால் ஒன்றுதான். வானிலை அறிக்கைத் தளம் போல ஒரு பெயர். ஆனால் அதற்கு முன்னால் எண்களும் எழுத்துக்களும் கலந்த ஒரு நீண்ட கோவை. அந்தக் கோவை ஒவ்வொரு கேள்விக்கும் மாறியது. ஒருமுறை கேட்டதை அது மறுமுறை கேட்கவேயில்லை. அப்படி ஒரு பெயர் இல்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் அது அடுத்ததைக் கேட்டது.

கேட்டது காசாளர் மேசையிலிருந்த மெஷின். அவளுடையது.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊரார் மெஷினுக்கெல்லாம் புழு எடுப்பவளின் மெஷினிலேயே புழு.

"ராத்தா, இங்க வந்து பாருங்களேன். என் மெஷினுக்குப் பேய் புடிச்சிருக்கு. இல்லாத ஊருக்கெல்லாம் வழி கேக்குது."

றமீஸா வந்து எட்டிப் பார்த்தாள். திரையில் என்ன ஓடுகிறது என்று அவளுக்கு விளங்கியிராது. ஆனால் முகம் ஒரு கணம் வெளிறியது.

"அது ஒண்டுமில்ல, விடு புள்ள."

"விடுறதா? இதுனாலதான் நெட் ஊருது. சாயங்காலம் முழுசா அழிச்சிட்டு மறுபடி போடுறேன்."

"வாணாம்." சொன்ன வேகம் அவளுக்கே அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். குரலைத் தணித்தாள். "அதுல கடைக் கணக்கெல்லாம் ஈக்குதானே. மாசம் முடியட்டும். பொறகு செய்."

கணக்கு வேறு மெஷினில் இருந்தது. அது றமீஸாவுக்கும் தெரியும். இலட்சுமி சரி என்று தலையாட்டினாள். ஆனால் அந்த 'வாணாம்' தொண்டையில் சிக்கிய மீன்முள் போல அவளுக்குள் நின்றுகொண்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஷட்டர் பாதிக்கு இறங்கியது. இலட்சுமி அன்று தம்பிக்கு எழுத உட்காரவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு மூலைப் பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் யாருமில்லை. எந்த மெஷினும் எதுவும் கேட்கவில்லை. அவளுடையதும் சும்மா இருந்தது. புழு என்றால் ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் அரித்துக்கொண்டே இருக்கும். இது அப்படியில்லை.

எழுந்து போய்த் தன் மெஷினில் வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தாள். ஆங்கிலத்தின் முதலெழுத்தை விரலால் அழுத்திப் பிடித்தாள். அது பக்கம் முழுக்க எறும்பு வரிசை போல ஓடியது. திரும்பி வந்து பார்த்தால், மூலைப் பெட்டியில் புதிய கேள்விகள். வானிலை வாலுக்கு முன்னால் 616161 என்று ஒரே கோவையாக நின்றது. இரண்டாவது எழுத்தை அழுத்திப் பிடித்தாள். 626262.

அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியது முதலில் விரல்களுக்குத்தான். அவை சில்லிட்டுப் போயின. கோர்ஸின் முதல் மாதத்தில் படித்தது அது. ஒவ்வோர் எழுத்துக்கும் இயந்திரத்தில் ஓர் எண் உண்டு; முதலெழுத்துக்கு 61, அடுத்ததற்கு 62. அவள் தட்டுவதையெல்லாம் ஏதோ ஒன்று எண்ணாக்கி, பெயர் போல வேஷம் போட்டு, கேள்வியாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பெயர் இல்லாவிட்டாலும், அந்த வாலுக்குச் சொந்தக்காரன் எவனோ அவனிடம்தான் கேள்வி போய்ச் சேரும். அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு அது போதும். பதில் வேண்டாத கேள்வி அது.

பழைய பதிவுகளை எடுத்து எண்களை எழுத்தாக்கினாள். ஆங்கில எழுத்தில் அவள் எழுதிய தமிழ் திரையில் வந்து நின்றது. தம்பி, சாப்பிட்டியா. தம்பி, அம்மாவுக்குக் கண் பரவாயில்லை. தம்பி, பயப்படாதே, விசா வந்துவிடும் என்று அவர் சொன்னார். தான் எழுதிய வரிகள்தான். ஆனால் வேறு யாரோ வாசித்து முடித்துவிட்ட பிறகு அவை அவளுடையவையாக இருக்கவில்லை. குளிக்கும்போது கதவு திறந்திருந்ததை, குளித்து முடித்து உடுத்திய பிறகு தெரிந்துகொண்டது போல உடம்பு கூசியது.

ஒவ்வொரு கடிதமாக, எங்கே சறுக்கினோம் என்று தேடினாள். ஊர்ப் பெயர் இல்லை. ஆள் பெயர் இல்லை. தனக்கே தன் மேல் சிறிது மதிப்பு வந்த நேரத்தில், போன வெள்ளிக்கிழமைக் கடிதம் வந்தது. அம்மா விளையாட்டாகக் கேட்டதை அவள் அப்படியே எழுதியிருந்தாள். 'அம்மா கேக்குறாங்க, இவ்வளவு நாளா கல்லுக்கு அடியிலேயே கெடக்குறியே, ஒரு தடவையாவது மேல ஏறிப் பாத்தியான்னு.'

மாத்தளை மாவட்டத்தில் கல் என்றால் எந்தக் கல் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அது போய் ஒரு கிழமை ஆகிவிட்டது.

அவள் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். உடனே பஸ் ஏற வேண்டும். ஆனால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளாமல் கால் நகரவில்லை. அந்தக் கேள்விகள் எந்த நாளில் தொடங்கின என்று பதிவை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். தோட்டத்து மாரியம்மன் கோயில் தேர் நாளில் தொடங்கியிருந்தன. அன்று அவள் லீவில் இருந்தாள். கடையில் இருந்தது றமீஸா மட்டும்தான். இலட்சுமியின் மெஷினின் பாஸ்வேர்ட் தெரிந்த இன்னொரு ஆளும் றமீஸா மட்டும்தான்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து றமீஸா உள்ளே வந்தாள். கையில் சோற்றுப் பார்சல். "ஆட்டெறச்சி ஆணம். ஒனக்கு உறைப்புக் கொறச்சி ஆக்கினன்" என்று சொல்லிக்கொண்டே மேசையில் வைத்தாள்.

"என் மெஷின்ல அத யாரு ராத்தா போட்டது?"

"எதெ?"

"நான் தட்டுறதெல்லாம் வெளிய அனுப்புற சாமான."

றமீஸா மறுப்பாள் என்று இலட்சுமி எதிர்பார்த்தாள். மறுத்தால் நம்பிவிடுவதற்குக்கூட அவள் தயாராக இருந்தாள். ஆனால் றமீஸா முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு, பொடியன்கள் உட்காரும் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சிட்டா?" என்றாள்.

வெளியே ஒரு பஸ் கண்டி, கண்டி என்று கூவிக்கொண்டு போனது.

"நீ தேருக்குப் போன அண்டைக்கு ரெண்டு பேர் வந்தாங்க. சிவில் உடுப்புல. எங்க இருந்து வாரம் எண்டு சொல்லல்ல, நானும் கேக்கல்ல. கேக்க ஏலுமா? இங்க வடக்குக்கு மெயில் போகுதாம். யார் யார் வாராங்க, என்ன எழுதுறாங்கண்டு தெரியணுமாம். எல்லா மெஷின்லயும் இதப் போடணும், இல்லாட்டி இண்டைக்கே கடைக்கு சீல் வைக்கிறம் எண்டாங்க."

"நீங்க சரின்னுட்டீங்க."

"நான் அழுதன் புள்ள. இவடத்துல நிண்டு அழுதன். எத்தினி பொடியன்மார் வந்து போறாங்க, லவ் லெட்டர் எழுதுறவன், வெளிநாட்டுக்கு எழுதுறவன். எவனாவது ஒண்டு கெடக்க ஒண்டு எழுதி மாட்டிக்கிட்டா அந்தப் பாவம் யாருக்கு? கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில ஒரு மெஷின் போதும் எண்டாங்க. ஆனா தமிழ் ஆள் ஒருத்தர் நெதமும் பாவிக்கிற மெஷினா ஈக்கணுமாம்."

"அதுக்கு என்னக் காட்டிக் குடுத்தீங்க."

"ஒன்னக் காட்டிக் குடுக்கல்ல." றமீஸாவின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "ஒண்ட்ட என்னா ஈக்கு ஒளிக்க? ஒரு வம்பு தும்புக்குப் போகாத புள்ள. துபாயில ஈக்கிற தம்பிக்கு சோறு தின்னியா தண்ணி குடிச்சியாண்டு எழுதுவ. அத வாசிச்சி அவனுகளுக்கு நித்திரைதான் வரும் எண்டு நெனச்சன். ஒன்ன நம்பித்தான் குடுத்தன்."

சந்தேகப்பட்டுக் கொடுத்திருந்தால் ஆத்திரப்படலாம். பயத்தில் கொடுத்திருந்தால் மன்னிக்கலாம். நம்பிக் கொடுத்ததை என்ன செய்வது? இத்தனை பேர் உட்காரும் கடையில் எந்தத் தலையைக் கொடுக்கலாம் என்று பார்த்த கண், அன்பினாலேயே தன் மேல் வந்து நின்றிருக்கிறது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. இதுல பாத்து எழுது இலட்சுமின்னு."

"சொல்லக் கூடாண்டாங்க. சொன்னா நீ மாத்தி எழுதுவ, அது அவனுகளுக்கு விளங்கிருமாம்." சற்று நேரம் தரையைப் பார்த்தாள். "அதோட, சொன்னா நீ போயிருவ."

"அவன் துபாய்ல இல்ல ராத்தா."

றமீஸா நிமிர்ந்தாள்.

"ஒரு நாளும் துபாய்ல இருந்ததில்ல. தேடுறாங்க அவன. இங்கதான் இருக்கான், இந்த நாட்டுலதான். எங்க இருக்கான்னு நானே போன கெழம அதுல தட்டிட்டேன்."

றமீஸாவின் முகத்தில் முதலில் பயம் வரவில்லை. வேறொன்று வந்தது. அது என்னவென்று இலட்சுமிக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் சற்று முன்னால் அது தன் முகத்தில் இருந்திருக்க வேண்டும்.

"போன நோம்புப் பெருநாளைக்கு அவனுக்கு எண்டு ஒரு டப்பா தொதல் கிண்டித் தந்தனே. துபாய்க்குப் போற ஆளிட்ட குடுத்து விட்டண்டு சொன்னியே."

"அம்மாகிட்ட குடுத்தேன்."

"எனக்குப் பொய் சொன்னியா?"

"ஆமா."

யார் யாரை முதலில் ஏமாற்றினார்கள் என்று கணக்குப் பார்த்தால், முதல் ஆள் தானாகவே இருப்பாள் என்று இலட்சுமிக்குத் தெரிந்தது. அது தெரிந்ததால் வலி குறையவில்லை. தன் பொய் ஒரு பொய்தான். அது யாருடைய வீட்டுக் கதவையும் தட்டாது.

பிறகுதான் றமீஸாவுக்குப் பயம் வந்தது. எழுந்து ஹேண்ட்பேக்கை எடுத்தாள். "எங்க ஈக்கான்? வா, நானும் வாறன். காக்காட வேன் ஈக்கு. நான் முன்னுக்கு இருந்தா செக்பொயின்ட்ல நிப்பாட்ட மாட்டானுகள். சொல்லு, எங்க?"

அவள் சொன்னது உண்மை. அவள் அண்ணனின் வேனில் போனால் பாதி நேரத்தில் போய்விடலாம். பர்தா போட்ட ஒரு பெண் முன்னால் இருந்தால் வழியும் இலேசாகும். இலட்சுமி வாயைத் திறந்தாள். ஓர் ஊரின் பெயர்தான் சொல்ல வேண்டும். கடை, சோறு, சுகதுக்கம் என்று எத்தனையோ ஆயிரம் சொற்களை இந்த முகத்தைப் பார்த்துச் சொன்னவள், அந்த ஒன்றைச் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டாள்.

"எங்கன்னு கேக்காதீங்க ராத்தா. கடையப் பாத்துக்கோங்க. யாராச்சும் கேட்டா அம்மாவுக்கு சுகமில்லன்னு போயிருக்கேன்."

சோற்றுப் பார்சல் பிரிக்கப்படாமல் மேசையிலேயே இருந்தது.

தம்புள்ளை பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். நாவுல தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஐடென்டி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சிப்பாய், எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ என்று அதே மொழியில் சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. தான் இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வோம் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. அது இன்றைக்கு வந்த திறமையா, ஏற்கெனவே கைவசம் இருந்ததா என்று யோசித்துக்கொண்டு மறுபடி பஸ்ஸில் ஏறினாள்.

விடுதியின் பின்பக்கத்தில் சுந்தரலிங்கம் அன்னாசிப்பழம் வெட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கத்தி நின்றது. பிறகு, பக்கத்தில் இருந்த சமையல்காரருக்குக் கேட்கும்படி சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, வேலியோரத்துக்கு வந்தான்.

"என்ன மேடம், கல்லு ஏற வந்தீங்களா? டிக்கெட் வெல ஜாஸ்தி."

"ஒடனே கெளம்பு."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு போனது. அவள் சொல்லச் சொல்ல, கையில் ஒட்டியிருந்த அன்னாசிச் சாற்றைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்போ அவங்கதான். நேத்து ரெண்டு பேரு இந்த ரோட்டுல இருக்குற கெஸ்ட் ஹவுஸ் எல்லாத்துலயும் வேல செய்ற பொடியன்மாரோட ஐடென்டி கேட்டிருக்காங்க. நான் தம்புள்ளைக்கு மரக்கறி வாங்கப் போயிருந்தேன். நாளைக்கு மறுபடி வாறோம்னு சொல்லிட்டுப் போனாங்களாம்."

அவள் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கா போட்டது?"

"தெரியல" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தாள். றமீஸாவைக் காப்பாற்றவா? அல்லது, அவ்வளவு நம்பிய ஒருத்தியால் இது நடந்தது என்று தம்பிக்குத் தெரிந்தால், தான் நம்புகிறவர்கள் எல்லாரையும் அவன் சந்தேகிப்பான் என்றா? அன்று மாலையே, தம்புள்ளைச் சந்தையிலிருந்து கொழும்புக்குப் போகும் மரக்கறி லொறி ஒன்றில் சாக்குகளோடு அவனை ஏற்றிவிட்டாள். ஏஜென்சிக்காரரின் வீட்டுக் கார் கராஜில் படுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. லொறி புறப்படும்போது அவன் கையைக்கூட ஆட்டவில்லை. ஆட்டக் கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவள் கடைக்குப் போனாள். போகாமல் இருக்க முடியாது. வேலையை விட்டால், மெஷினை அழித்தால், தட்டுவதை நிறுத்தினால், மறுமுனையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். தேட வேண்டிய இடம் கல்லுக்கு அடியில் இல்லை என்று அவர்கள் எவ்வளவு பிந்தித் தெரிந்துகொள்கிறார்களோ அவ்வளவு நல்லது. அதனால் அவள் தன் கதிரையில் உட்கார்ந்து, தன் மெஷினைத் திறந்து, எப்போதும் போல வேலை செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் தம்பிக்கு எழுதினாள். சாப்பிட்டியா தம்பி. அங்கேயே பத்திரமாக இரு தம்பி. கல்லு மேல எப்போ ஏறப் போற.

அந்த வெள்ளிக்கிழமைகளில் றமீஸா வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மெஷின்களுக்குப் பின்னால் ஒரு சின்ன விரிப்பில் தொழுதுவிட்டு, இலட்சுமியின் பக்கத்தில் வந்து உட்காருவாள். இலட்சுமி எழுதும் பொய்யை, ஓர் எழுத்தும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். சில சமயம் திருத்தவும் செய்வாள்.

"கொஞ்சம் ஏசி எழுது. ஒரேயடியா பாசமா எழுதினா சந்தேகப்படுவானுகள். அக்காமார் ஏசத்தானே செய்வாங்க."

"என்னன்னு ஏச?"

"முடி வெட்டிக்கயா எண்டு எழுது."

எழுதினாள். முன்பெல்லாம் இருவரும் எதையாவது பேசிச் சிரித்து வாயை மூட நேரமிருக்காது. இப்போது, யாரோ ஒருவன் வாசிப்பதற்காகச் செய்யும் இந்தக் கடிதம் மட்டும்தான் பேச்சு. கடிதம் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் கண்டால் அவர்கள் இன்னும் இணைபிரியாத தோழிகள்தான். ஒரே குடையில் நடந்தார்கள். தோள் தோளில் இடித்தது. முன்பு அந்த இடிப்பு அங்கே இருப்பதே தெரியாது. இப்போது ஒவ்வொன்றும் தெரிந்தது.

"தகவல் ஏதும்?" என்று றமீஸா எப்போதாவது கேட்பாள்.

"இல்ல" என்பாள் இலட்சுமி. ஆரம்பத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் மாடசாமி மாமாவின் போனுக்கு ஒரு நீண்ட நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. டோஹாவில் இறங்கிவிட்டேன், கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டது, அறையில் ஏசி இருக்கிறது என்றான் சுந்தரலிங்கம். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் அழுதாள். இலட்சுமி அழவில்லை. லயத்து வீடுகளுக்குப் பின்னால் போய், ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிவரும் பனியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பாரம் இறங்கிய உடம்பு எங்கே நிற்பதென்று தெரியாமல் தள்ளாடியது.

திங்கட்கிழமை பஸ்ஸில் வரும்போதெல்லாம் றமீஸாவிடம் சொல்வதையே நினைத்துக்கொண்டு வந்தாள். இனி மறைக்க எதுவுமில்லை. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், யாராலும் பிடிக்க முடியாது. ராத்தா, அவன் தப்பிட்டான். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் றமீஸா அந்தப் பிளாஸ்டிக் கதிரையிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுவாள். அழுதபின் பழைய றமீஸா ஆகிவிடுவாள். ஏதாவது கேலி சொல்வாள். இருவருக்கும் நடுவில் இருப்பது அழுகையோடு கழுவுண்டு போய்விடும். அந்த இடம்தான் இலட்சுமிக்கு இடித்தது. அது அவ்வளவு சுலபமாகக் கழுவுண்டு போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடைக்கு வந்து, முன்னாலிருக்கும் ஹோட்டலில் இரண்டு தேத்தண்ணி வாங்கிவந்து ஒன்றை றமீஸாவின் முன்னால் வைத்தாள். றமீஸா அதைத் தள்ளி வைத்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, உதடு காய்ந்திருந்தது.

"நோம்பு" என்றாள்.

"இப்ப என்ன நோம்பு?"

"சுன்னத்து நோம்பு. திங்களும் வியாழனும் புடிக்கிறன்." றமீஸா அவளைப் பார்க்காமல் மெஷின்களின் மேல் தூசு தட்டத் தொடங்கினாள். "ஒன் தம்பி நல்லபடியா ஒரு எடத்துக்குப் போய்ச் சேரும் வரைக்கும் புடிக்கிறண்டு நேந்துக்கிட்டன். ஏதும் தகவல் வந்தீச்சா?"

சொல் நாக்கின் நுனியில் இருந்தது. அது சூடாகக்கூட இருந்தது. றமீஸா தூசுத் துணியோடு திரும்பி நின்று, பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள் இலட்சுமி.

றமீஸா தலையை ஆட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனாள். ஆற விடக் கூடாதே என்று இலட்சுமி தன்னுடையதைக் குடித்தாள். பிறகு மற்றக் கோப்பையையும் எடுத்து, றமீஸாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மெதுவாகக் குடித்து முடித்தாள்.